சிலம்பக் கலையின் தேய்வும் காப்பும்

சென்ற மார்கழியில் ஒரு நாள் மாலை. நியூ டவுனில் எங்கள் பல்கலைக்கழகத் திடலில் குளிர்கால விழா நடந்துகொண்டிருந்தது. பீர்பூம் மாவட்டத்திலிருந்து வந்திருந்த குழுவினர் ராய்பேன்ஷே ஆடினர். டோலும் வெண்கலத் தாளமும் முழங்க, வலக்காலில் மட்டும் பித்தளைச் சலங்கை அணிந்த ஆடவர் பன்னிருவர் மூங்கிலை வீசியும், ஒருவர் தோள்மீது ஒருவர் ஏறியும், தரையில் புரண்டெழுந்தும் ஆடிய ஆட்டம் கண்ணைப் பறித்தது. ஜமீன்தார்களிடம் தடிவீரராய் இருந்தோரின் வழிவந்த ஆட்டம் அது. முடிந்ததும் என் வகுப்புத் தோழனான வங்க நண்பன், "உங்கள் நாட்டிலும் தடி விளையாட்டு உண்டென்றாயே, ஆடிக் காட்டு பார்ப்போம்" என்றான். குழுவில் மூத்தவர் புன்முறுவலோடு தம் தடியை என்னிடம் நீட்டினார்.

வாங்கினேன். மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். சலாம் வரிசை வைத்தேன். முதற் கால்மானம் வந்தது, இரண்டாவது வந்தது, மூன்றாவதும் ஒருவாறு வந்தது. நான்காவதில் இடக்கால் எங்கே போகவேண்டும் என்பது மறந்துவிட்டது. நடுத்திடலில் கம்பும் கையுமாக நின்றேன். பெரியவர் தடியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் இப்படித்தான் பாதியில் நிற்கிறார்கள்" என்றார். அவர் ஏளனமாகச் சொல்லவில்லை. அதனாலேயே எனக்கு மிகுதியாக உறைத்தது. இக்கட்டுரை அன்றிரவு தோன்றியது.

தமிழ் மாணவ அன்பர்களே! நான் விளாத்திகுளம் வட்டாரத்துக் கரிசற்காட்டுச் சிற்றூரைச் சேர்ந்தவன். இயற்பியல் முதுநிலை மாணவன். சிறுவயதில் இரண்டு கலைகளை ஒரே காலத்தில் பயின்றேன். பக்கத்து நகரத்தில், பள்ளி விட்டதும் கராத்தே. ஊரில், கண்மாய்க்கரைப் புளியமரத்தடியில், சிலம்பம். கராத்தேக்கு வெள்ளை உடை உண்டு, கச்சை உண்டு, தேர்வு உண்டு, சான்றிதழ் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டணம் செலுத்தினால் கச்சையின் நிறம் மாறும். கட்டணம் செலுத்தியவர் எவரும் தோற்றதை நான் கண்டதில்லை. புளியமரத்தடியில் இவை ஒன்றும் இல்லை. வெற்றிலை பாக்கும் ஒன்றேகால் ரூபாயும் தட்டில் வைத்துச் சேர்ந்ததோடு சரி. முதல் ஓராண்டு ஆசான் கம்பையே கையில் தரவில்லை. "கம்பு எப்பய்யா தருவீங்க?" என்று கேட்டால், "ஏலே, கம்பு கையிலயா இருக்கு? காலுல இருக்கு. போயி காலை வைலே" என்பார்.

எட்டாம் வகுப்போடு புளியமரத்தை விட்டேன். கராத்தேயில் பழுப்புக் கச்சை வரை போனேன். 2019இல் ஆசான் காலமானார். நான் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன், துட்டிக்குப் போகவில்லை.

அவர் சொன்னவற்றுள் ஒன்றன் பொருள் இங்கே வந்த பிறகுதான் எனக்கு விளங்கிற்று. அதை முதலில் கூறிவிடுகிறேன். கம்பை நிறுத்தினால் அது ஆடுபவன் புருவத்தைத் தொடவேண்டும் என்பது அளவு. என் உயரத்துக்கு அது 162 சென்டிமீட்டர். "அடிமுனையிலிருந்து ஒரு முழம் நாலு விரல் தள்ளி முன்கையை வை" என்பது ஆசானின் பாடம். ஒரு விரல் தவறினாலும் புளிய விளாறு முழங்காலில் விழும். விடுதி அறையில் ஒருநாள் அளவு நாடாவால் அளந்து பார்த்தேன். என் ஒரு முழமும் நாலு விரலும் 54 சென்டிமீட்டர். 162இல் சரியாக மூன்றில் ஒரு பங்கு!

ஏன் மூன்றில் ஒன்று? ஒரே சீரான தடி ஒன்றை எண்ணிக்கொள்வோம். அதன் நிறையையும் நீளத்தின் வர்க்கத்தையும் பெருக்கிக்கொள்வோம். தடியின் முனையைப் பிடித்துச் சுழற்றினால் நிலைமத் திருப்புத்திறன் அப்பெருக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு. நடுவைப் பிடித்துச் சுழற்றினால் பன்னிரண்டில் ஒரு பங்கு. ஆசான் சொன்ன இடத்தில் பிடித்தால் ஒன்பதில் ஒரு பங்கு. முனையை விட்டு ஒரு முழம் நாலு விரல் உள்ளே வந்த அளவில், கம்பைத் திருப்பக் கைக்கு வேண்டிய முயற்சி மூன்றில் ஒன்றாகக் குறைந்துவிடுகிறது. இன்னும் உள்ளே நடுவரை வந்தால் மேலும் கிடைக்கும் ஊதியம் சிறிதே. கம்பு எட்டும் தொலைவோ நீளத்தின் மூன்றில் இரண்டிலிருந்து பாதிக்குச் சுருங்கிவிடும்.

இதைவிட வியப்பு ஒன்று உண்டு. மட்டைப்பந்து ஆடியவர்க்குத் தெரியும்: மட்டையின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் பந்து பட்டால் கை அதிராது, வேறிடத்தில் பட்டால் உள்ளங்கை சுரீரென எரியும். கை அதிராத அவ்விடத்தை மோதல் மையம் என்று சொல்லலாம். பிடி மாறினால் அந்த மையமும் மாறும். தடியின் முனையைப் பிடித்தால், மோதல் மையம் நீளத்தின் மூன்றில் இரண்டு பங்குத் தொலைவில் விழும். அப்போது நுனியால் அடித்தால் கை உதறும். மூன்றில் ஒரு பங்கில் பிடித்தால்? பிடி, தடியின் நடுவிலிருந்து நீளத்தில் ஆறில் ஒரு பங்கு விலகியிருக்கிறது. பன்னிரண்டில் ஒன்றை ஆறில் ஒன்றால் வகுத்தால் வருவது பாதி. நடுவிலிருந்து பாதி நீளம் என்றால் அது மறுநுனி! அஃதாவது, ஒரு முழம் நாலு விரல் தள்ளிப் பிடித்தவன் நுனியாலேயே முழு வீச்சில் அடிக்கலாம். அதிர்ச்சி கைக்கு வராது. வினாடிக்கு இரண்டு சுற்று சுழற்றினாலே அந்த நுனி மணிக்கு 49 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் என்பதையும் நினைவில் கொள்க.

மூங்கில் அடி பருத்து நுனி சிறுத்தது. இரு கையாலும் பிடிக்கிறோம். ஆகவே உண்மைக் கம்பில் கணக்குச் சற்று நகரும். அது பெரிதன்று. ஆசான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். அவர்க்கு முன் எத்தனையோ தலைமுறையினர் உள்ளங்கை எரிந்து எரிந்து கண்டறிந்த அளவு அது. பாடநூலில் நான் இளநிலை இரண்டாம் ஆண்டில் படித்ததை, பத்து வயதில் முழங்காலில் அடிவாங்கிக் கற்றிருக்கிறேன். கற்றது தெரியாமலே விட்டும் விட்டேன்.

இத்தகைய கலை ஏன் தேய்ந்தது? வெள்ளையர் தடைசெய்தனர், அதனால் அழிந்தது என்று ஒரே வரியில் விடை சொல்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அதில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. தென்பாளையக்காரர் போர் முடிந்ததும், 1801 டிசம்பரில், சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் பாளையங்களின் படைக்கலங்களைப் பறிக்கும் விளம்பரத்தை வெளியிட்டான். அதன் குறி ஈட்டியும் துப்பாக்கியும். ஆடு மேய்ப்பவன் கையிலுள்ள கம்பை எந்த அரசு பறிக்க முடியும்? ஆனால் கம்புக்கு இருந்த வேலை போயிற்று. பாளையக்காரனுக்குப் படை இல்லை. ஊர்க்காவலுக்குப் பதில் போலீஸ் வந்தது. வேலை இழந்த கலை திருவிழாவுக்குப் போயிற்று. பின்னர் 1871இல் பிறந்து 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், கம்பில் வல்ல பல குடியினரை ரேகை வைக்கவும் இரவில் காவல் நிலையத்தில் முடங்கவும் செய்தது. 1947இல்தான் சென்னையில் அது நீங்கிற்று. பகலெல்லாம் காட்டுவேலை செய்தவர்கள் நிலவொளியில் களத்துமேட்டில் பழகிய கலை இது. இரவைப் பறித்தால் கலைக்கு எந்த நேரம் மிஞ்சும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

நம்மவர் செய்த கேட்டையும் மறைக்கலாகாது. ஒரு தெருவின் கம்பு அடுத்த தெருவுக்குப் போகாது. ஒரு சாதியார் வரிசை மற்றொரு சாதியார்க்குச் சொல்லப்படாது. பெண்கள் பார்க்கலாம், தொடக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆசான் கடைசிப் பாடத்தைத் தமக்குள்ளே வைத்துக்கொள்வார். மாணவன் தம்மையே அடித்துவிடுவான் என்ற அச்சமோ, தகுதியுள்ளவன் வரட்டும் என்ற காத்திருப்போ, அறியேன். ஒவ்வோர் ஆசானும் ஒரு பாடத்தை ஒளித்தால், பத்துத் தலைமுறையில் பத்துப் பாடம் குறையும். இதற்குப் பெரிய கணக்கு வேண்டியதில்லை.

திரைப்படம் ஒருவகையில் காத்தது. எம்.ஜி.ஆர். சிலம்பம் பழகியவர், தம் படங்களில் அதனை விரும்பிக் காட்டினார். அவர் கம்பெடுத்த காட்சிக்கு ஊரே விசில் அடித்தது என்று என் தாத்தா சொல்வார். ஆனால் 1973இல் புரூஸ் லீயின் 'என்டர் தி டிராகன்' வந்து உலகையே ஆட்டி வைத்தபோது, நம் நகரங்களில் இளைஞர் கம்பைத் தேடவில்லை. கராத்தே வகுப்பைத் தேடினர். புரூஸ் லீ கராத்தேக்காரர் அல்லர், சீனக் குங்ஃபூ வழியினர் என்பது யார்க்கும் பொருட்டாகப் படவில்லை.

இனி, கராத்தேயைப் பற்றிச் சில சொற்கள். அஃது அழியாத பழங்கலை, நம்முடையது மட்டுமே தேய்ந்தது என்று நான் நினைத்திருந்தேன். அதன் வரலாற்றைப் படித்தபோது அந்த எண்ணம் மாறிற்று. கராத்தே பிறந்த ஓகினாவாத் தீவு தனியரசாக இருந்து, 1879இல் ஜப்பானுடன் சேர்க்கப்பட்டது. அங்கும் இரவில், மறைவாக, ஒருசிலர்க்கே கற்பித்த கலைதான் அது. 1901இல் இட்டோசு அங்கோ என்னும் முதியவர் அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். சிறுவர்க்கென்று பினான் என்னும் ஐந்து வரிசைகளை அமைத்தார். 1908இல் இக்கலையின் பயனைப் பத்துக் கூறுகளாக எழுதி அதிகாரிகளுக்கு அனுப்பினார். கொல்லும் கலையை உடற்பயிற்சியாக நீர்த்துப்போகச் செய்தார் என்று அவரைக் குறைகூறுவோர் இன்றும் உளர். அவர் அதைச் செய்திராவிட்டால் குறைகூறுவதற்கும் கராத்தே இருந்திராது என்பது என் எண்ணம். அவர் மாணவர் ஃபுனகோஷி கிச்சின் 1922இல் தோக்கியோவில் கராத்தேயை ஆடிக் காட்டினார். வெள்ளுடையும் கச்சையும் கானோ ஜிகோரோவின் ஜூடோவிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டவை. தொன்மை என்று நான் பயபக்தியோடு கட்டிய கச்சைக்கு வயது நூறு! பெயர்கூடப் பழையதன்று. 'சீனக் கை' என்று எழுதி வந்ததை 'வெறுங்கை' என்று எழுதுவதென 1936இல் நாஹா நகரில் ஆசான்கள் கூடி ஒப்பினர்.

ஃபுனகோஷி போட்டியை விரும்பாதவர். அவர் 1957இல் மறைந்தார். அதே ஆண்டில் ஜப்பான் கராத்தே சங்கம் தன் முதல் தேசியப் போட்டியை நடத்தியது. அதன்பின் ஓட்டம்தான். 2021இல் நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக்கில் கராத்தே இடம்பெற்றது. ஓகினாவாவின் மைந்தர் கியுனா ரியோ வரிசைப் பிரிவில் பொன் வென்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கராத்தே இல்லை. புள்ளிக்காகத் துள்ளும் ஆட்டத்தில் பழைய வரிசைகளின் பொருள் தொலைகிறது என்று ஓகினாவா முதியோர் வருந்துகின்றனர். நாம் எதைப் பார்த்து ஏங்கினோமோ, அதுவும் தன் தேய்வை எண்ணி ஏங்குகிறது.

ஆயினும் அவர்கள் வருந்தியதோடு நிற்கவில்லை. நமக்கு உறைக்கவேண்டிய செய்தி இதுவே. தைரா ஷின்கென் என்ற ஒருவர் ஓகினாவாவின் படைக்கல வரிசைகளைத் தீவு தீவாக, ஆசான் ஆசானாகச் சென்று திரட்டினார். போ எனப்படும் ஆறடித் தடி அவற்றுள் தலையாயது. நம் நெடுங்கம்புக்கு உடன்பிறந்தது போன்றது. நாற்பதுக்கு மேற்பட்ட வரிசைகளைச் சேர்த்து, 1955இல் அவற்றைக் காக்கவென்றே ஒரு சங்கம் கண்டார். 1997இல் ஓகினாவா மாவட்ட அரசு கராத்தேயையும் படைக்கலக் கலையையும் தன் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. 1936 கூட்டம் நடந்த அக்டோபர் 25ஆம் நாளை 2005இல் கராத்தே நாளாக்கியது. 2017இல் இக்கலைக்கென்றே தனி மன்றம் ஒன்றைக் கட்டித் திறந்தது.

இங்கே ஒரு தடையைக் கடந்தாக வேண்டும். இவ்வளவும் சொன்னால், நம்மில் ஒருவர் எழுந்து, "கராத்தேயே நம்முடையதுதானே! காஞ்சிப் போதிதருமர் சீனம் சென்று கற்பித்ததல்லவா?" என்பார். 2011இல் 'ஏழாம் அறிவு' வந்தபின் இக்குரல் வலுத்தது. போதிதருமர் தென்னிந்தியாவிலிருந்து சென்ற துறவி என்பது பழைய சீனச் சமய மரபு. அதை மறுக்க நான் வரவில்லை. அவர் ஷாவோலின் துறவியர்க்கு உடற்பயிற்சி கற்பித்தார் என்பதற்குக் காட்டப்படும் நூல் யிஜின் ஜிங். அது தோன்றியதோ 1624ஐ ஒட்டி. போதிதருமருக்கும் அதற்கும் இடையே ஏறத்தாழ 1100 ஆண்டு! சீன அறிஞரான தாங் ஹாவோ 1930இலேயே இக்கதையை ஆராய்ந்து தள்ளிவிட்டார். ஓகினாவாக் கலை அத்தீவின் பழைய கைவரிசையும், சீனத்துப் ஃபூஜியன் மாநிலத்து வெண்கொக்கு முறை முதலியனவும் கலந்து வளர்ந்தது.

இதைக் கேட்டு வருந்துவோர்க்கு ஒரு சொல். பிறர் கலைக்குத் தந்தையாகும் பெருமை நமக்கு எதற்கு? துளுக்காணம், குறவஞ்சி, நாகம் பதினாறு, கள்ளன் கம்பு, பனையேறி மல்லு என்று சிலம்பத்துக்குள்ளேயே பெயர்கள் கொட்டிக் கிடக்கின்றன. இவற்றுள் எது எந்த ஊரில் எவரிடம் உயிரோடு இருக்கிறது? இந்தக் கேள்விக்கு விடை தேடி நடந்தால் செருப்புத் தேயும். அதனால்தான் காஞ்சியிலிருந்து சீனத்துக்கு நடப்பது எளிதாக இருக்கிறது போலும். நடந்தவர் இல்லாமல் இல்லை. உடற்பயிற்சிக் கல்வி அறிஞர் டேவிட் மானுவேல்ராஜ் 1970களிலேயே சிலம்பத்தின் நுட்பத்தையும் வரலாற்றையும் ஆராய்ந்து எழுதினார். அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகம் வரை அந்த ஆய்வு சென்றது. அவரைப் பின்தொடர்ந்தோர் தொகை போதாது.

நாம் வாழும் வங்கத்தையும் பார்ப்போம். கல்கத்தாவில் ஒரு காலத்தில் தடி அரசியல் ஆயிற்று. இரவீந்திரநாதரின் மருமகள் முறையான சரளாதேவி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலிகஞ்சில் தம் இல்லத்திலேயே முர்தசா என்ற முகம்மதிய ஆசானை அமர்த்தி இளைஞர்க்குத் தடியும் வாளும் பயிற்றுவித்தார். 1906இல் டாக்காவில் அனுசீலன் சமிதியைத் தொடங்கிய புலின் பிஹாரி தாஸும் முர்தசாவிடம் கற்றவரே. சமிதி 1909இல் தடைசெய்யப்பட்டது. புலின் பாபு அந்தமான் சிறை கண்டார். மீண்டு வந்து 1928இல் கல்கத்தா மெச்சுவாபஜாரில் வங்க உடற்பயிற்சிச் சமிதியை நிறுவினார். அவர் செய்த இன்னொரு செயலே இக்கட்டுரைக்கு உரியது: தாம் அறிந்த தடிவரிசைகளையும் வாள்வரிசைகளையும் நூலாக எழுதிவைத்தார். கடைசிப் பாடத்தை ஒளிக்கும் வழக்கத்தை ஒரு புரட்சிக்காரர் உடைத்தார். 1949இல் அவர் மறைந்தார்.

அவர்க்குச் சற்றுப் பின்னே வந்தவர் குருசதய் தத்தர். ஐ.சி.எஸ். அதிகாரி, பீர்பூமில் பணியாற்றியபோது ராய்பேன்ஷேயைக் கண்டு மயங்கினார். 1932இல் விரதசாரி இயக்கத்தைத் தோற்றுவித்து, படித்த பிள்ளைகளை அந்த நாட்டுப்புற ஆட்டங்களை ஆடவைத்தார். எங்கள் திடலில் அன்று நான் கண்டது அவர் காப்பாற்றிய ஆட்டமே. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். புலின் பாபுவின் முறை எழுத்தில் நிற்கிறது, ஆடுவோர் அருகிவிட்டனர். தத்தரின் ஆட்டம் மேடையில் நிற்கிறது. அடிக்கும் அடி நடனமாகிவிட்டது. ஏடு மட்டும் போதாது, மேடை மட்டும் போதாது என்று சொல்லிவிடுவது எளிது. ஆயினும் ஏடும் மேடையும் இல்லாத புளியமரத்தடிக் கலைக்கு எது கிடைத்தாலும் நன்றே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தமிழ்நாட்டில் இன்று நிலைமை முன்னைவிட மேல். 2021இல் அரசு வேலையில் விளையாட்டு வீரர்க்குரிய 3 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் சிலம்பமும் சேர்ந்தது. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் அதற்கு இடமுண்டு. 2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. தோட்டங்களுக்குச் சென்ற தமிழர் கொண்டுபோன கம்பு மலேசியாவில் இன்றும் சுழல்கிறது. இலங்கையின் கிழக்குக் கரையில் முஸ்லிம் மக்கள் சீனடியையும் சிலம்படியையும் விடாமல் வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றிலும் என்னை மகிழ்விப்பது, ஊர் சென்றபோது கண்ட காட்சி: பள்ளித் திடலில் கம்பெடுத்து நின்ற முப்பது பேரில் பாதிக்கு மேல் சிறுமியர். என் ஆசான் தம் பேத்திக்குக்கூடக் கம்பு தந்ததில்லை.

குறை சொல்லாமலும் இருக்க முடியவில்லை. போட்டியில் தனிச் சுழற்றலுக்கு மதிப்பெண் கிடைக்கிறது. வேகமாகச் சுழற்றவேண்டின் கம்பு இலேசாக வேண்டும். எண்ணெய் ஊட்டிப் பழுக்கவைத்த கல்மூங்கில் போய், மெல்லிய பிரம்பும் நெகிழியும் வருகின்றன. இலேசான கம்பை எங்கே பிடித்தாலும் சுழலும். ஒரு முழம் நாலு விரலுக்கு அங்கே வேலை இல்லை. எதிரே ஆள் இல்லாதபோது கால்மானத்துக்கும் வேலை குறைகிறது. பழைய நாளில் கம்பின் நுனியில் சாம்பலோ மையோ தோய்த்து ஆடுவர். எதிரியின் உடம்பில் விழுந்த பொட்டுகளை எண்ணுவர். புருவ நடுவில் பொட்டு வைத்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. அடிபடாமல் அடியை நிறுவும் முறை இதைவிட வேறுண்டோ? போட்டி நடத்துவோர் இதைச் சிந்திக்கலாம். இலேசான கம்பு இல்லையேல் அந்தச் சிறுமியர் வந்திருப்பரா என்று கேட்டால், அதற்கும் என்னிடம் நேரான விடை இல்லை.

நாங்கள் இங்கே செய்வது சிறிது. விழாவுக்கு மறுவாரம் என் மாமாவுக்குத் தொலைபேசியில் பேசினேன். அவரும் அதே ஆசானிடம் பயின்றவர், ஐம்பத்தைந்து வயது, முழங்கால் வலி. "ஏம் மருமகனே, இத்தன வருசம் கழிச்சு இப்பத்தான் நெனப்பு வந்துச்சா?" என்று கேட்டுவிட்டு, ஒவ்வொரு ஞாயிறும் ஒரு கால்மானமாகச் சொல்லிவந்தார். வாயால் சொல்வது காலுக்கு விளங்காது. ஆகவே அத்தை கைபேசியைப் பிடிக்க, அவர் களத்தில் நின்று ஆடிக் காட்டுகிறார். நான் தரையில் கட்டம் போட்டு, எந்தக் கால் எந்தக் கட்டத்தில், எந்தக் கணத்தில் கம்பு எந்தப் பக்கம் என்று குறித்துக்கொள்கிறேன். இதுவரை பதினொன்று சேர்ந்துள்ளன.

கம்புக்கு அலைந்த கதை வேறு. துர்க்கை பூசைப் பந்தல் போடும் மூங்கில் இவ்வூரில் மலைபோல் குவிந்து கிடக்கும். எல்லாம் உள்ளே கூடு, பருமனும் மிகுதி. கடைக்காரரிடம் சைகையால் விளக்கியபோது, "தடிக்கா? எண்ணெய் ஊட்டிப் பழுக்கவைக்கவேண்டுமே!" என்று வங்க மொழியில் அவரே சொன்னார். நம் சொல்லும் அவர்கள் சொல்லும் அங்கே ஒன்றாயின. அவர் தேடித் தந்த கெட்டி மூங்கில்கள் நான்கு இப்போது என் கட்டிலுக்கடியில் நல்லெண்ணெய் குடித்துக்கொண்டிருக்கின்றன. விடுதிக் காவலர் மட்டும் ஐயத்தோடு பார்க்கிறார்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு நூலகத்தின் பின்புறப் புல்வெளியில் நால்வர் கூடுகிறோம்: தமிழர் மூவர், அந்த வங்க நண்பன் ஒருவன். அவன் காலே எங்கள் எல்லார் காலையும்விட நன்றாக விழுகிறது. நான்காவது கால்மானம் மட்டும் இன்னும் தீரவில்லை. இடக்கால் பின்னே போகவேண்டும் என்கிறார் மாமா. ஆசானின் இன்னொரு மாணவர் இப்போது திருப்பூரில் இருக்கிறார். அவரைக் கேட்டால், இடக்கால் பக்கவாட்டில் போகும், பின்னே போனால் அடுத்த வீச்சுக்கு இடமில்லை என்கிறார். இருவரும் தாம் கற்றதே சரி என்று உறுதியாக நிற்கிறார்கள். நாங்கள் இரண்டையும் குறிப்பேட்டில் எழுதி வைத்து, ஒரு வாரம் ஒன்றும் மறு வாரம் மற்றொன்றுமாக ஆடிப் பார்த்து வருகிறோம். இதழைப் படிப்போரில் எவர் வீட்டிலாவது கம்பு பழகிய தாத்தாவோ பெரியப்பாவோ அத்தையோ இருந்தால், நான்காவது கால்மானத்தில் இடக்கால் எங்கே போகிறது என்று ஒரு சொல் கேட்டு எழுதுங்கள். ஊர்ப் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.